அன்றாட விசாரணை: மதுரையில் ஒரு வீட்டுக் கூடுகையின் நிகழ்வு ஆய்வு

மதுரையில் அரசரடிக்கும் பெத்தானியாபுரத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடி வருகின்றன. 2015 ஜூன் மாதத்தில் பதின்மூன்று குடும்பங்களுடன் தொடங்கிய இந்தக் கூடுகையில் முதல் நாளிலிருந்து நானும் இருக்கிறேன். மூன்றாம் ஆண்டிலிருந்து அதன் செயலாளராக இருந்து குறிப்பு நோட்டை எழுதி வருகிறேன். செவிலியராக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், நோயாளியின் நிலையைப் பதிவு செய்யும் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன்: என்ன நடந்தது, என்ன செய்தோம், எது பலன் தந்தது, எது கெடுத்தது. விசுவாசத்தில் வளர்வதற்கென்று கூடிய ஒரு சிறு குழு எந்தக் கட்டத்தில் பிறருக்குப் பணிசெய்யத் தொடங்கியது, அந்தப் பணி அதன் விசுவாசத்தை என்ன செய்தது என்பதே நான் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் விசுவாசமும் பணியும் ஒரே இடத்திலிருந்துதான் வளர்ந்தன. அந்த இடம், வேதபாடத்துக்கும் முடிவு ஜெபத்துக்கும் இடையே நாங்கள் அவசரமாகக் கடந்துபோய்க் கொண்டிருந்த ஐந்து நிமிட ஜெபக் குறிப்பு நேரம். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் நீட்டியபோது குழு மாறியது. அது எப்படி நேர்ந்தது என்பதையும், அதற்குள் நாங்கள் செய்த தவறுகளையும் கீழே விவரிக்கிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள்

தொடக்கத்தில் எங்கள் கூடுகை ஞாயிறு ஆராதனையின் சிறிய வடிவமாகவே இருந்தது. இரண்டு கீர்த்தனைகள், ஆரம்ப ஜெபம், வேத வாசிப்பு, வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒருவரின் முக்கால் மணி நேரச் செய்தி, ஜெபக் குறிப்புகள், முடிவு ஜெபம், பிறகு டிபன் என்பதே ஒழுங்கு. செய்தி கொடுப்பவர் நாற்காலியில் அமர்வார். மற்றவர்கள் பாயில் அமர்ந்து கேட்போம். கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. பெண்கள் பாட்டை எடுத்துக் கொடுப்பார்கள். செய்தி முடியும் நேரத்தில் இரண்டு மூன்று பேர் மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள். ஜெபக் குறிப்பு என்று கேட்டால் மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், சரீர சுகம், கடன் பாரம் என்று வரிசையாக வரும். தலைவர் அவற்றையெல்லாம் ஒரே ஜெபத்தில் அடுக்கிச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிடுவார். போன வாரம் சொன்னது என்னவாயிற்று என்று இந்த வாரம் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

டிபனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நிகழ்வின் திருப்பம் அதில்தான் இருக்கிறது. முதல் மாதத்தில் பிஸ்கட்டும் டீயும்தான் கொடுத்தோம். பிறகு ஒரு வீட்டில் சுண்டல் வந்தது. அடுத்த வீட்டில் வடை சேர்ந்தது. அதற்கடுத்த வீட்டார் வெறும் வடையோடு நிறுத்துவது மரியாதையாக இராது என்று கேசரியும் கிண்டினார்கள். ஓராண்டு முடிவதற்குள், கேசரி, போண்டா, காபி என்பது எழுதப்படாத சட்டமாகி, சில வீடுகளில் இடியாப்பமும் குருமாவும் வரை போயிற்று. இதை யாரும் தீர்மானிக்கவில்லை. வந்தவர்களைப் பசியோடு அனுப்பக்கூடாது என்ற நம் ஊர் விருந்தோம்பல் குணம், எங்களுக்குத் தெரியாமலேயே ஒரு சுமையாக மாறியிருந்தது. வருகிறவர்களின் தொகை குறையாததால், கூடுகை ஆசீர்வாதமாக நடைபெறுகிறது என்றே எங்கள் திருச்சபை நிர்வாகமான சேகரக் கமிட்டிக்கு அறிக்கை கொடுத்து வந்தோம்.

ஒரு சகோதரி வராமல் போனது

எங்கள் தெரு முனையில் காலையில் இட்லிக்கடை போடும் சகோதரி ஒருவர் குழுவின் தொடக்கம் முதலே வந்துகொண்டிருந்தார். 2016 இறுதியில் அவருடைய கணவர் மாரடைப்பால் இறந்தார். அடக்க ஆராதனைக்குக் குழு முழுவதும் போனோம். ஒரு மாதம் அவர் வீட்டில் ஜெபமும் நடத்தினோம். அதன்பின் அவர் கூடுகைக்கு வரவில்லை. துக்கத்தில் இருக்கிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று நாங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஆறு வாரங்களைக் கடத்திவிட்டோம். அவர் கடையில் இட்லி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் குழுவிலேயே நான்கு பேர் இருந்தார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் மன வேதனையின்றி எழுத முடியவில்லை.

2017 மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாகிய லெந்து காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில், கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இட்லித் தட்டுகளிலிருந்து துணியை உரித்து அலசிக்கொண்டே அவர் சொன்னார்: "சிஸ்டர், அடுத்த மாசம் நம்ம வீட்டு முறை வருது. நாப்பது பேருக்குக் கேசரி, வடைன்னு நான் எங்கிட்டுப் போவேன்? வராம இருந்துட்டா முறையும் வராதுல்ல. அதான்."

தெருவுக்கே காலை உணவு கொடுக்கிறவர், எங்களுக்கு ஒரு மாலை டிபன் கொடுக்க முடியாததால் ஜெபத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம் செய்தி கொடுக்க வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், நாங்களே வேதத்தை வாசித்தோம். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுக்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். எருசலேம் சபையில் சீஷர்கள் பெருகியபோது, கிரேக்கு பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்ததையும், அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தெரிந்துகொண்டதையும் சொல்லும் பகுதி அது. வாசித்து முடித்ததும் கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு சகோதரர், அதுவரை குழுவில் வாய் திறந்தறியாதவர், "அன்றாட விசாரணைன்னா என்னங்க, போலீஸ் விசாரணை மாதிரியா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, கேட்க வேண்டிய கேள்விதான் அது. பழைய வேதாகமத் தமிழில் விசாரித்தல் என்றால் நலம் கேட்டுப் பராமரித்தல். கர்த்தர் நம்மை விசாரிக்கிறவர் என்று பேதுரு எழுதுவதும் அந்தப் பொருளில்தான். கேட்டறிவதும் பார்த்துக்கொள்வதும் ஒரே சொல்லாக இருந்த மொழியை வைத்துக்கொண்டு, நாங்கள் அவ்விரண்டையுமே செய்யாமல் இருந்தோம். நடந்ததைச் சகோதரியின் பெயரைச் சொல்லாமல் சொன்னேன். ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. அன்று வெகுநேரம் யாரும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

மாற்றியவை மூன்று

அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று முடிவுகளை எடுத்தோம். கூடுகை நடக்கும் வீட்டில் குடிக்கத் தண்ணீரும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியும் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது என்பது முதல் முடிவு. இது எளிதாகத் தோன்றும். ஆனால் மூன்றில் மிகவும் கடினமானது இதுவே. வசதியுள்ள இரண்டு வீட்டார் தங்களை அவமதித்துவிட்டதாக வருந்தினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கொடுத்தது அன்பினால்தான். ஒருவர் கொடுக்கிற அளவு மற்றவருக்கு வாசலை அடைக்கிறது என்பதைப் புரியவைக்க மாதங்கள் ஆயின.

வெளியிலிருந்து வரும் செய்தியை நிறுத்திவிட்டு, வேதப்பகுதியைச் சேர்ந்து வாசித்துப் பகிரும் முறைக்கு மாறியது இரண்டாவது முடிவு. இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது, ஞானஒளிவுபுரத்தில் வசிக்கும் கத்தோலிக்கத் தோழி ஒருவர் காட்டித்தந்த ஏழு படி நற்செய்திப் பகிர்வு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ மேய்ப்புப்பணி நிறுவனத்தில் உருவாகி, நம் ஊர்க் கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்கள் வரை வந்து சேர்ந்த முறை அது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட ஒரு சொல்லையோ தொடரையோ உரக்கச் சொல்லுதல், அமைதி காத்தல், பகிர்தல், நாம் செய்ய வேண்டியது என்ன என்று சேர்ந்து பேசுதல், ஜெபித்தல் என்று அது செல்லும். இதில் மூன்றாம் படியையும் ஆறாம் படியையும் நான் பொன்னாக மதிக்கிறேன். ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும் என்பதால், எழுத்துக்கூட்டி வாசிக்கும் கொத்தனார் சகோதரரும், தமிழாசிரியராக ஓய்வு பெற்றவரும் மூன்றாம் படியில் சமமாக நிற்கிறார்கள். ஆறாம் படியோ, வேதத்தை மூடிவைப்பதற்கு முன்பே இந்த வாரம் யார் வீட்டுக்கு யார் போவது என்று கேட்கிறது.

எதிர்ப்பு வந்தது. இது கத்தோலிக்கரின் அன்பிய முறை, நமக்கு எதற்கு என்று மூத்தவர் ஒருவர் சபையில் கேட்டார். அதற்கு எங்கள் ஆயர் கொடுத்த விளக்கம் எனக்குப் புதிய அறிவாக இருந்தது. வீட்டில் கூடி வேதத்தைச் சேர்ந்து வாசிக்கும் வழக்கத்தை, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1670இல் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகர் தொடங்கினார். அவர் வழியில் வந்த பிராங்கே, அதே நாட்டின் ஹாலே நகரில் வேதபாடத்தோடு அனாதை இல்லத்தையும் பள்ளிகளையும் சேர்த்தே கட்டினார். அந்த ஹாலேயின் தாக்கத்தில் உருவான மிஷனரி சீகன்பால்குதான் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். ஆகவே வீட்டுக் கூடுகை நமக்கு வெளியிலிருந்து வந்த புதுமை என்று தமிழ்ச் சீர்திருத்தச் சபை சொல்ல முடியாது. நம் கையிலுள்ள வேதப்புத்தகமே அப்படிப்பட்ட ஒரு கூடுகை மரபின் வழியாக வந்ததுதான் என்றார் ஆயர். எதிர்த்துப் பேசிய மூத்தவர் அதற்குப் பிறகு தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். அமெரிக்க மதுரை மிஷனின் காலத்தில், 1892இல் மிஷனரி ஈவா சுவிஃப்ட் மதுரையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் படித்து, வேதாகமப் பெண்ணாக வீடு வீடாகச் சென்றவராம் அந்தப் பாட்டி. படிக்கத் தெரியாத பெண்களுக்கு எழுத்தையும் வேதத்தையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்வாராம். அவரை நினைத்துப் பார்த்த பிறகு பெரியவர் எதிர்க்கவில்லை. இன்று அவர் வீட்டில்தான் மாதத்தின் முதல் கூடுகை நடக்கிறது.

மூன்றாவது முடிவு நோட்டு. நீளவாக்கில் ஒரு குயர் நோட்டு வாங்கி, இடப்பக்கத்தில் ஜெபக் குறிப்பையும் தேதியையும், வலப்பக்கத்தில் யார் போய் விசாரித்தார்கள், என்ன கண்டார்கள் என்பதையும் எழுதத் தொடங்கினோம். வலப்பக்கம் காலியாக இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பே முதலில் வாசிக்கப்படும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையிலிருந்து இதற்கு ஊக்கம் கிடைத்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜெபவீட்டுக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காகப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்தார்கள். பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். அதிலிருந்து மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் உருவாயிற்று. காசுக்காகப் போன கால்கள் பராமரிப்புக்கான கால்களாயின. எங்கள் நோட்டின் வலப்பக்கமும் அவ்வாறே கால்களைக் கேட்டது. எப்போதும் இருவராகவே போக வேண்டும் என்ற விதியை, பாரிஸில் 1833இல் பிரெடரிக் ஓசனாமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையின் வழக்கத்திலிருந்து, மேற்சொன்ன தோழியின் வாயிலாகவே எடுத்துக்கொண்டோம்.

ஆட்டோ ஓட்டுநரின் குடும்பம்

இட்லிக்கடைச் சகோதரி ஈஸ்டருக்குப் பின் திரும்பி வந்தார். 2018 பிப்ரவரியில் அவரே ஒரு குறிப்பைக் கொண்டுவந்தார்: தம் கடைக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன, இந்துக் குடும்பம், மனைவி வீட்டு வேலைக்குப் போகிறவர், இரு சிறு பிள்ளைகள். இதுவரை எங்கள் நோட்டில் சபையாரின் பெயர்களே இருந்தன. இதை எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். எழுதினோம்.

அவருக்கு வாரம் இருமுறை அரசு இராஜாஜி மருத்துவமனையில், ஊரார் வழக்கில் பெரியாஸ்பத்திரியில், டயாலிசிஸ் நடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இலவசச் சிகிச்சையைச் சுற்றியும் செலவுகள் உண்டு என்பது மருத்துவமனையில் காலம் கழித்தவர்களுக்குத் தெரியும். ஒரு சுற்று நான்கு மணி நேரம். போக வர, காத்திருக்க என்று ஒரு நாள் முழுவதும் போய்விடும். உடன் ஒருவர் இருக்க வேண்டும். மனைவி இருந்தால் அந்த நாள் கூலி போகும். வாரத்தில் இரண்டு நாள் வராதவரை எந்த வீட்டிலும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது பணத்தைக் காட்டிலும் ஓர் ஆள். குழுவிலிருந்து முறைபோட்டு, செவ்வாயும் வெள்ளியும் ஒருவர் உடன் சென்றோம். ஓய்வு பெற்றவர்கள் பகலிலும், வேலைக்குப் போகிறவர்கள் திரும்ப அழைத்து வருவதற்குமாகப் பிரித்துக்கொண்டோம்.

முதல் மாதத்தில் நாங்கள் அவருக்குப் பெரிய தீங்கை விளைவித்திருப்போம். பார்க்கப் போனவர்கள் எல்லாரும் வழக்கப்படி இளநீரும் வாழைப்பழமும் சாத்துக்குடியும் வாங்கிப் போயிருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் ஆறு இளநீர் வரிசையாக இருப்பதைக் கண்டு எனக்குக் கை நடுங்கிற்று. செவிலியராகிய நான் இதை முன்கூட்டியே குழுவுக்குச் சொல்லாதது என் தவறு. அன்பு மட்டும் போதாது என்பதை அந்தத் திண்ணையில் கற்றேன். அடுத்த கூடுகையில் ஆறாம் படிக்கு வந்தபோது, வழக்கமான பகிர்வுக்குப் பதிலாக அரைமணி நேரம் பாடம் நடத்தினேன்: நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவர் சொன்ன அளவில் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிட வேண்டும், காய்கறியை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும், ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது, டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய் உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ விடக்கூடாது, அந்தக் கையால் பாரம் தூக்கவும் கூடாது. கொத்தனார் சகோதரர் இவற்றைத் தம் கைப்பட எழுதி அந்த வீட்டுச் சுவரில் ஒட்டினார். எழுத்துப்பிழைகள் இருந்தன, நான் திருத்தவில்லை.

உதவியைச் சாக்காக வைத்து மதத்தைப் பேசலாமா என்ற கேள்வி குழுவில் எழுந்தது. பல வாரங்கள் விவாதித்தோம். கேட்டால் ஜெபிப்பது, கேளாமல் அந்த வீட்டில் ஜெபிப்பதுமில்லை, துண்டுப்பிரதி கொடுப்பதுமில்லை என்று முடிவு செய்தோம். சாட்சி சொல்ல இது தடையாகாதா என்று ஒரு வாலிபர் மிகுந்த வருத்தத்தோடு கேட்டார். நோயாளி மறுத்துப் பேச முடியாத நிலையில் இருக்கும்போது அவரிடம் எதையும் திணிப்பது அநியாயம் என்பதே என் நிலைப்பாடு. மருத்துவமனைக் கட்டில் அருகே முப்பது ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஏழு மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் அவருடைய மனைவியே கேட்டார்: "உங்க வீட்ல உக்காந்து எங்களுக்காக வேண்டுறீங்கன்னு இட்லிக்கார அக்கா சொல்லுச்சு. இங்க ஒரு தடவ வேண்ட மாட்டீங்களா?" மீனாட்சியம்மன் படமும் திருப்பரங்குன்றத்து முருகன் படமும் இருந்த அந்த அறையில், அவர் விளக்கேற்றி வைத்திருந்த இடத்துக்கு எதிரே நின்று, மூன்று வாக்கியங்களில் ஜெபித்தோம்.

2020 ஜனவரியில், பொங்கலுக்குப் பிறகு, அவர் இறந்தார். எங்கள் ஆண்கள் பந்தல் போட உதவி, நாற்காலி எடுத்துப் போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தத்தனேரி மயானம் வரை நடந்து போனார்கள். சடங்குகள் அவர்கள் முறைப்படியே நடந்தன. அதற்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை நோட்டின் அந்தப் பக்கத்தை வாசித்தபோது, இரண்டு ஆண்டுகளில் எங்களில் பதினொரு பேர் அவரோடு டயாலிசிஸ் வார்டின் வெளியே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது. சாட்சி கேட்டு வருந்திய வாலிபர்தான் அவர்களில் அதிகமான நாட்கள் போனவர். வாசித்து முடித்ததும் அவரால் ஜெபிக்க முடியாமல் அழுதார். என் பார்வையில் எங்கள் குழுவில் விசுவாசம் வேர்கொண்டதை நான் கண்ணாரக் கண்ட நாள் அது. விடை கிடைக்காத ஜெபத்துக்கு முன்னால் நாங்கள் முதன்முறையாக ஓடிப்போகாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒரே உலை

மிகவும் கடினமான பகுதியை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாகாது. தெருவாரியாகக் குழு அமைத்தால் சாதிவாரியாகவும் அமைந்துவிடும். மதுரையின் தெருக்கள் அப்படித்தான் இருக்கின்றன. எங்கள் குழு இரண்டு தெருக்களைச் சேர்த்ததால், கலந்ததாக இருந்தது. அப்படியும், சில வீடுகளில் கூடுகை நடந்தால் சிலர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதைச் சுக்குக் காப்பி முடிவுக்குப் பிறகுதான் கவனித்தோம். டிபன் காலத்தில், சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. ஒரு டம்ளர் காப்பியை மறுக்க அப்படியொரு காரணம் இல்லை.

அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்து 2005இல் மறைந்த, பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை இறையியலின் மையமாகவே வைத்தவர். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்கள் ஒரே பானைச் சோற்றை மறுப்பது எப்படி என்ற கேள்வி அவருடைய பாட்டுகளிலும் பாடங்களிலும் திரும்பத் திரும்ப ஒலித்தது. எங்கள் ஆயர் அங்கே படித்தவர். 2019 லெந்து காலத்தில் அவர் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள், இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூரும் பெரிய வியாழன் மாலை அதையெல்லாம் ஒரே பானையில் கஞ்சியாகக் காய்ச்சுவோம், இதுவரை யாரும் தண்ணீர் குடிக்காத வீட்டில்.

பிடியரிசி நம் சபைகளுக்குப் பழக்கமானது. பாட்டிமார் காலத்திலிருந்து அது காணிக்கையாகி வந்தது. ஆனால் பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே பானையில் விழுந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அரிசிகள் ஒரே பதத்தில் வேகவில்லை. சில குழைந்தும் சில விறைத்தும் இருந்தன. இட்லிக்கடைச் சகோதரிதான் அகப்பையைப் பிடித்தார். இரண்டு குடும்பங்கள் அன்று வரவில்லை; பிறகு குழுவை விட்டே விலகிவிட்டார்கள். அவர்களில் ஒரு குடும்பம் ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தது. மற்றொன்று வரவில்லை. அந்த வீட்டம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பார்க்கிறேன், பேசுகிறோம், அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்த மாலையை நடத்தியது சரியென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் விலகியவர்களைப் போய் விசாரிக்க நாங்கள் மூன்று மாதம் தாமதித்தது தவறு. எங்கள் நோட்டில் அவர்களுக்கு ஒரு வலப்பக்கம் இருந்திருக்க வேண்டும்.

இப்போதைய நிலை

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, கூடுகை தொலைபேசிக் குழு அழைப்பாக மாறியது. யாரிடம் போன் இல்லை, யார் தனியே இருக்கிறார், யாருக்கு மாத்திரை தீரும் என்பது நோட்டில் முன்பே இருந்ததால், அரிசியும் மருந்தும் கொண்டு சேர்ப்பதில் எங்களுக்குத் தடுமாற்றம் ஏற்படவில்லை.

பின்னர் 2022இல் குடும்பங்கள் இருபத்திரண்டாகிவிட்டதால் குழுவை இரண்டாகப் பிரித்தோம். பாரம் தாங்க முடியாத மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனையில் கடைசியாக வரும் எண் பத்து; பத்துப் பேரைத்தான் ஒருவர் உண்மையில் அறிந்து விசாரிக்க முடியும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிரிவினையைச் சரியாகச் செய்யவில்லை. தெருக்கோட்டை வைத்துப் பிரித்ததில், ஒன்றாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் வெவ்வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள். புதிய குழுவுக்கு நோட்டைக் கொடுத்தோம். நோட்டை நிரப்பும் பழக்கத்தைக் கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் அங்கே பழையபடி வெளிப்பேச்சாளரும் வடையும் வந்துவிட்டன. பழைய குழுவிலிருந்து இருவர் ஓராண்டு அங்கேயே போய் உட்கார்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. இனிப் பிரிக்க நேர்ந்தால், சேர்ந்து பணி செய்தவர்களை இருவர் இருவராகவே அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு குறையும் தீரவில்லை. விசாரிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் வயதான பெண்கள். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், பந்தலுக்கு வருவார்கள். ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதையே திரும்பச் சொல்வதைக் கேட்க வருவது அரிது. கொத்தனார் சகோதரர் விதிவிலக்கு. அவர் இப்போது மூன்றாம் படியில் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ஒரு வசனத்தை முழுதாக வாசிக்கிறார், சில வாரங்களில் பகிர்வையும் அவரே தொடங்குகிறார்.

நோட்டு இப்போது ஐந்தாவது. அதில் கடைசியாக எழுதப்பட்டிருப்பது, மறதி நோய் வந்துவிட்ட ஒரு பெரியவரைப் பற்றியது. பிராங்க்பர்ட் கதையைக் கேட்டுவிட்டுத் தம் பாட்டியை நினைத்துப் பார்த்த அதே மூத்தவர். மாலையானால் கதவைத் திறந்துகொண்டு, என்றோ படித்த பள்ளிக்கூடத்தைத் தேடி அரசரடிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுகிறார். மகள் வேலையிலிருந்து வரும் வரை இரண்டு மணி நேரம் யாராவது அவரோடு இருக்க வேண்டும், அவர் நடந்தால் கூடவே நடக்க வேண்டும். வலப்பக்கத்தில் ஏழு கிழமைகளையும் கீழ்க்கீழே எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். ஆறு நாட்களுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமைக்கு இட்லிக்கடைச் சகோதரியின் பெயர் மட்டும் இருக்கிறது. அவரோடு போக இன்னும் ஒருவர் வேண்டும்.